விட்பியில் கருகிய மோதகம்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நான் ஏதோ ஒரு வெள்ளைக்காரரைப் பற்றிக் கதைக்கிறேன் என்று நினைப்பீர்கள். முதற்பெயர், கடைசிப்பெயர் இரண்டுமே கலப்பில்லாத அமெரிக்கப் பெயர்கள். ஆள் மட்டும் என்னிலும் கறுப்பு. நானே நல்ல கறுப்பு.

பெயரின் கதையை அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் வந்த அமெரிக்க மிஷனரிமார், தாங்கள் படிப்பித்து ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகளுக்கு, படிப்புச் செலவை அனுப்பிய அமெரிக்கச் சீமான்களின் பெயர்களையே வைத்துவிடுவார்களாம். இவருடைய பூட்டனுக்கு அப்படி வாய்த்த பெயர் அது. அந்தச் சீமானைச் சொந்தப் பேரப்பிள்ளைகளே மறந்திருப்பார்கள். வலிகாமத்தில் ஒரு குடும்பம் ஐந்து தலைமுறையாக அவருடைய பெயரைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் அவரை முகத்துக்கு நேரே அண்ணை என்போம். முதுகுக்குப் பின்னால் ‘சாட்சி’ என்போம். காரணம் இருக்கிறது. கடைத்தொகுதிப் பிளாசாவில் இரண்டு கார் முட்டினால் பொலிசுக்குச் சாட்சி சொல்ல அவர் நிற்பார். முன்பின் தெரியாதவர்களின் கலியாணப் பதிவில் கையெழுத்து வைப்பார். கடையில் யாரோ ஒருத்தி பால் புளித்துவிட்டது என்று சண்டை பிடித்தால், ‘ஓம், நானும் மணந்து பாத்தனான்’ என்று பக்கத்தில் போய் நிற்பார். சாட்சி சொல்வதற்குச் சம்பவத்தைக் காண வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருந்ததில்லை. கேட்கிறவர்கள் ஆசையோடு அவர் முகத்தைப் பார்த்தால் போதும். ஏமாற்றி அனுப்ப மாட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவின் ஸ்காபரோவில், கார்ச் சீற்றுகளுக்கு உறை தைக்கிற தொழிற்சாலையொன்றில் நாங்கள் வேலை செய்தோம். ஒரே கட்டடத்தில் குடியிருந்ததால் அவருடைய காரில்தான் போய் வருவோம். நான் முன்னுக்கு. பின்சீற்றில் ரெஜினா அக்கா, மன்னார்க் கத்தோலிக்கர், மூன்று பிள்ளைகளின் தாய், வாய்க்கு வாய் கொடுப்பதில் வல்லவர். காருக்குள் இருந்தால் பிரசங்கம், இறங்கினால் பனி. இரண்டில் எது மேல் என்று ஒவ்வொரு காலையும் யோசிப்பேன்.

“ரெஜினா, நீர் உந்த மாதா சிலையை விட்டிட்டு நேர ஆண்டவரிட்ட வாரும்” என்பார் அவர்.

“அண்ணை, நீங்கள் முதல் உந்த லேனை விட்டிட்டு வலப்பக்கம் வாங்கோ. எக்சிற் போகுது” என்பார் ரெஜினா அக்கா.

ஸ்காபரோவில் அப்போதே தமிழ்ச் சபைகள் இருந்தன. பள்ளிக்கூட மண்டபத்தில் ஒன்று, பிளாசா மேல்மாடியில் இன்னொன்று. அவர் அதையெல்லாம் தாண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் விட்பிக்குப் போவார். புது வீடுகள் வரிசை வரிசையாக முளைத்து, மரங்கள் இன்னும் முளைக்காத ஊர் அது. அங்கே ஒரு பெரிய வெள்ளைக்காரச் சபை. மறுபடியும் பிறந்தவர்கள், அதாவது வளர்ந்த பிறகு மனந்திரும்பி ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர்கள், மட்டும் கூடுகிற சபை.

“ஏனண்ணை உவ்வளவு தூரம் போறியள்? இஞ்ச பக்கத்தில சேர்ச் இல்லையோ?” என்று கேட்டேன்.

“இருக்குத் தங்கச்சி. ஆனா அங்க எல்லாம் எங்கட ஆக்கள். எங்கட ஆக்களுக்கு நான் என்னத்தைச் சாட்சி சொல்லுறது? அவைக்கு என்ர அப்பாவையும் தெரியும், பாட்டனையும் தெரியும்.”

அவர் அங்கே போன முதல் ஞாயிறு வாசலில் ஒரு மூப்பர் இரண்டு கையையும் பிடித்து வரவேற்றிருக்கிறார். கார்பெட் கடை வைத்திருந்தவர், நல்ல உயரம், சபையில் பெரிய புள்ளி. பெயரைக் கேட்டிருக்கிறார். இவர் சொன்னதும் மூப்பரின் முகம் மலர்ந்துவிட்டதாம். ‘என்ன அருமையான பெயர்! ஆண்டவரை ஏற்றுக்கொண்டபோது நீங்களே தெரிவு செய்த பெயரா?’ மூப்பரின் மனைவியும் இன்னும் மூன்று நான்கு பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு பதிலுக்குக் காத்திருந்தார்களாம்.

இவர் தலையாட்டிவிட்டார்.

திங்கட்கிழமை அதைப் பகிடியாகத்தான் எங்களுக்குச் சொன்னார். நாங்களும் சிரித்தோம். அடுத்த ஞாயிறு, ‘அதற்கு முன்பு உங்கள் பெயர் என்ன?’ என்று கேட்டார்களாம். குமாரசாமி என்று சொல்லிவிட்டு வந்தார். நாலாம் தலைமுறை வேதக்காரர், பரம்பரைக் கிறிஸ்தவர் ஒருவர் ஒரே கிழமையில் குமாரசாமியாகப் பிறந்து, வளர்ந்து, மனந்திரும்பியும் விட்டார்.

பிறகுதான் வந்தது வினை. மிஷன் ஞாயிறன்று மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று பாஸ்டர் கேட்டுவிட்டார். விக்கிரக வணக்கத்திலிருந்து ஆண்டவர் எப்படி மீட்டெடுத்தார் என்று சொல்ல வேண்டும். இவரோ கோயில் திருவிழாவில் கச்சான்கடலை வாங்கக்கூட விடாத வீட்டில் வளர்ந்தவர்.

“தங்கச்சி, நீர் சைவம்தானே?”

“ஓம்.”

“வீட்டில கும்பிடேக்க என்ன செய்வியள்?”

“சாம்பிராணி போடுவம். தேவாரம் படிப்பம். பிறகு சாப்பிடுவம்.”

அவருடைய முகம் விழுந்துவிட்டது. “அவ்வளவுதானோ? பயங்கரமா ஒண்டும் இல்லையோ?”

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. வாய் சும்மா கிடக்காத வயது. கனடா வந்து ஒன்றரை வருடமாகச் சிரிப்பதற்கு ஒன்றும் வாய்க்கவில்லை. எடுத்து விட்டேன்.

“இருக்கண்ணை. வெளியில சொல்லுறேல்ல. வெள்ளிக்கிழமையில பிள்ளையாருக்கு நூற்றெட்டு மோதகம் படைப்பம். அதில ஒண்டு கருகினாலும் மூத்த மகனைச் சாமியறைக்குள்ள போட்டு மூண்டு நாள் பூட்டி வைப்பினம். பச்சைத் தண்ணியும் குடுக்க மாட்டினம்.”

“மூண்டு நாளோ!” என்று பிறேக்கில் கால் வைத்துவிட்டார். “மூண்டு நாள் நல்லது. யோனாவும் மூண்டு நாள்தான் மீன்ர வயித்துக்குள்ள.”

பின்சீற்றில் ரெஜினா அக்கா செருமினார். மோதகம் ஆவியில் அவிக்கிற சாமான். தண்ணீர் வற்றிப் பானை கருகினாலும் கருகுமே தவிர மோதகம் கருகாது. இது யாழ்ப்பாணத்தில் அடுப்படிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தவருக்கும் தெரியும். அண்ணை எட்டிப் பார்க்காதவர். மற்றவர்கள் ஆக்கிவைக்க, மேசையில் இருந்து சாப்பிட்ட ஆம்பிளை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. “உங்களை ஆர் வீட்டை விட்டுத் துரத்தினது? சாட்சியெண்டால் துரத்த வேணுமல்லோ” என்று கேட்டேன். அவர் யோசித்தார். ஒருத்தரும் துரத்தவில்லையே என்றார்.

“உங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாதானே? அவ விளக்குமாத்தால அடிச்சுத் துரத்தி, பைபிளைக் கிணத்துக்குள்ள போட்டவ எண்டு சொல்லுங்கோ. கூடப் பிறந்ததே துரத்தினால்தான் சனம் அழும்.”

“பாவம், ஞானம். அவள் ஒரு பூச்சியையும் அடிக்க மாட்டாள்.”

“சும்மா ஒரு கதைக்குத்தானே அண்ணை” என்றேன் நான். அந்த வசனத்தை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

சாட்சி பெரிய வெற்றி. அந்தச் சபையில் எல்லாவற்றையும் கசெற்றில் பதிந்து நூலகத்தில் வைப்பார்கள். ஒரு பிரதி இவருக்கும் கிடைத்தது. ஒரு கிழமை முழுக்கக் காரில் அதுதான் ஓடியது. மோதகம் கருகிய இடத்தில் பெண்கள் மூக்கை உறிஞ்சுவது கேட்கும். விளக்குமாறு வருகிற இடத்தில் ஒருத்தி, ‘ஐயோ, வேண்டாம்!’ என்று வாய்விட்டுச் சொல்வது தெளிவாகக் கேட்கும். அந்த இடம் வந்ததும் அவர் ஒலியைக் கொஞ்சம் கூட்டுவார்.

பிறகு அயலூர்ச் சபைகளிலிருந்தும் அழைப்புகள் வந்தன. உங்கள் நாட்டு உடுப்பில் வாருங்கள் என்று கேட்டார்கள். தங்கச்சியின் கலியாணத்துக்கே கோட்டும் சூட்டும் போட்ட மனுசன், ஜெரார்ட் வீதி இந்தியக் கடையில் சரிகைக் கரை வேட்டி வாங்கி, அவிழ்ந்துவிடாமல் அதன்மேல் பெல்ற்றைக் கட்டிக்கொண்டு மேடையேறினார்.

அவருடைய குடும்பத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. அதையும் பெருமையாகத்தான் சொன்னார். மிஷனரிமார் தங்கள் வேதக் கோயிலில் எல்லாச் சாதியையும் ஒரே உயர நீள வாங்குப் பலகையில் இருத்தப் பார்த்தபோது, இவருடைய பாட்டனார் கோபித்துக்கொண்டு ஆறு மாதம் கோயிலுக்கே போகவில்லையாம். கடைசியில் வெள்ளைக்காரப் பாதிரி இறங்கி வந்து, முன்வரிசையில் தனி வாங்கு போட்டுக் கொடுத்தாராம்.

“இப்ப விட்பியில எந்த வாங்கு அண்ணை?” என்று கேட்டேன்.

“நான் வாங்கில இருக்கிறேல்ல தங்கச்சி. வாசல்ல நிக்கிறன். வரவேற்பு ஊழியம்.”

புதிதாக வருகிறவர்கள் அவருடைய கையில் தங்கள் கோட்டைக் கழற்றிக் கொடுப்பார்களாம். வாங்கிக் கொண்டுபோய்க் கொழுவி விடுவார். ஒருவரும் ஒருநாளும் வீட்டுக்குச் சாப்பிட வா என்று கூப்பிட்டதில்லை. அதை அவர் குறையாகச் சொன்னதும் இல்லை. “வெள்ளைக்காரர் அப்பிடித்தான். எல்லாம் மனசில இருக்கும்” என்பார்.

அவர் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அவருடைய தங்கச்சி. ஞானம். தொண்ணூறாம் ஆண்டு, பீரங்கிச் செல்லடியில் புருசனைப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு மன்னாரிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போனவர். அப்போதிருந்து தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில், தகரக் கூரையின் கீழ். மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். மதிய இடைவேளையில் அதை வாசித்துவிட்டு அண்ணை கழிப்பறைக்குப் போய் நெடுநேரம் கழித்து வருவார். எங்களுக்குத் தெரியும், கேட்க மாட்டோம்.

விட்பிச் சபையில் அகதிகளைப் பொறுப்பெடுக்கிற குழு ஒன்று இருந்தது. விசுவாசத்துக்காகத் துன்பப்படுகிற கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றை ஸ்பொன்சர் பண்ண முடிவெடுத்திருந்தார்கள். குழுவுக்குத் தலைவர் அந்தக் கார்பெட் மூப்பர். அண்ணை ஓடிப்போய் விண்ணப்பத்தை நிரப்பினார். சமயம் என்ற இடத்தில், ‘பிறப்பிலிருந்தே கிறிஸ்தவர்’ என்று ஞானத்துக்கு எழுதினார். எழுதும்போது கசெற் அவருக்கு நினைவு வரவேயில்லை. நல்ல பொய்க்காரனுக்கு ஞாபகசக்தி வேண்டும். அவருக்கு நல்ல மனசு மட்டும்தான் இருந்தது.

குழு கூடி விளக்கம் கேட்டது. அந்தச் சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

“நீர் வந்து உண்மையைச் சொல்லும் தங்கச்சி. நான் ஒருநாளும் சைவமா இருக்கேல்லை எண்டு நீர் சொன்னால் நம்புவினம். நீர் அசல் சைவமல்லோ.”

நானும் துணிந்துதான் போனேன். மோதகம் என்னுடையது, விளக்குமாறு என்னுடையது, எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று ஆங்கில வசனங்களைக் காரிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

சபையின் பேஸ்மென்ற்றில் நீள மேசை, கோப்பி, வெட்டி வைத்த கேக். மேசை நடுவில் அந்தக் கசெற். மூப்பர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

‘சகோதரரே, எங்களுக்கு ஒரு சின்னக் குழப்பம். உங்கள் தங்கை பைபிளைக் கிணற்றில் எறிந்தவர் என்று சொல்லியிருக்கிறீர்கள். இங்கே பிறப்பிலிருந்தே கிறிஸ்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள்’ என்றார். அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கதிரையை இழுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தேன். அதற்குள் மூப்பரின் மனைவி கழுத்தை நீட்டிக்கொண்டு, கண்கள் மின்னக் கேட்டார்: ‘ஒருவேளை உங்கள் ஜெபத்தினால் அதற்குப் பிறகு அவரும் மறுபடி பிறந்திருப்பாரோ? அதைத்தான் பிறப்பு என்று எழுதினீர்களோ?’

மேசையைச் சுற்றி ஏழு முகங்கள், ஏழும் ஆசையோடு.

அவர் தலையாட்டினார்.

அல்லேலூயா என்றார்கள். ஒருத்தி எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். என்னுடைய ஆங்கில வசனங்களை நான் எடுக்கவேயில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் ஞானம் அக்கா தகரக் கூரையின் கீழேயே கிடந்திருப்பார். நான் கேக் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன். அந்தத் தலையாட்டலில் பாதி என்னுடையது.

பத்திரங்கள் நகர ஒன்றரை வருடமானது. அந்த இடைவெளியில் மூப்பர் தேர்தலில் இறங்கிவிட்டார். வலதுபக்கத்துக் கட்சி. கருக்கலைப்புக் கூடாது, வெல்ஃபெயரை வெட்ட வேண்டும், வரிசையைக் குழப்பிக்கொண்டு வருகிற அகதிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அண்ணை வேலை முடிந்து வந்து, மாலை வெளிச்சம் இருக்கும்வரை விட்பியில் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தார். ஒரு வீட்டில் கதவைத் திறந்த மனுசன், ‘நாங்கள் பீற்சா கேட்கவில்லை’ என்று சாத்திவிட்டானாம். இன்னொரு வீட்டில், ‘எவ்வளவு?’ என்று கேட்டுக் காசை நீட்டினார்களாம். இதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்தத் துண்டுப்பிரசுரத்தில் அவருடைய படம் இருந்தது. மூப்பர் அவருடைய தோளில் கைபோட்டபடி நிற்கிறார். ரெஜினா அக்கா அதைக் காரில் விரித்து, ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சத்தமாக வாசித்தார்.

“‘பொறுமையோட வரிசையில நிண்டு, முறையா இந்த நாட்டுக்கு வந்தவர்கள் எங்களோட நிக்கினம்.’ அண்ணை, நீங்கள் எந்த வரிசையில நிண்டனியள்? பிளேன் கக்கூஸ் வரிசையிலயோ?”

பாஸ்போட்டைக் கிழித்து விமானக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் இழுத்த கதையை அவரே எங்களுக்குப் பலமுறை சொல்லியிருந்தார். கார் குலுங்கக் குலுங்க மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் எனக்குக் கோபம் வந்தது.

“அண்ணை, உந்தாள் வெண்டால் எங்களைப்போல ஆக்களைத் திருப்பி அனுப்புவான். நானும் அகதிதானே? என்ர கேஸுக்கு நீங்கள்தானே வந்தனியள்?”

“அது வேற தங்கச்சி. உம்மை எனக்குத் தெரியும்.”

உண்மைதான். என்னுடைய அகதி விசாரணைக்கு ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர் அவர். உள்ளே வந்து சாட்சி சொல்கிறேன் என்று அடம்பிடிக்க, வழக்கறிஞர் கும்பிட்டு வெளியே இருத்திவிட்டார். விசாரணை முடியும்வரை நடைபாதையில் முழங்காலில் நின்று ஜெபம் செய்திருக்கிறார். முடிவு நல்லதாக வந்தபோது என்னைவிட அவர்தான் பெரிதாக அழுதார். எனக்கு முதல் பனிச்சப்பாத்து வாங்கித் தந்ததும் அவர்தான். இந்த மனுசனை எந்தக் கணக்கில் வைத்து வெறுப்பது?

“மூப்பரும் அப்பிடித்தான் சொன்னவர்” என்றார் தெருவைப் பார்த்தபடியே. “‘நான் சொல்லுறது உன்னையில்லை. மற்றவையை. உன்னை எங்களுக்குத் தெரியும்’ எண்டு.”

ஞானம் அக்கா வந்து இறங்கியபோது தேர்தலுக்கு மூன்று கிழமை இருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தார். இரண்டு பக்கமும் மகள்மார். கையில் ஒரே ஒரு பை. அதற்குள் பொலித்தீனில் நாலு சுற்றுச் சுற்றிய பழைய தமிழ் பைபிள். அதன் முதல் தாளில் பூட்டன் தொடக்கம் கடைசி மகள் வரைக்கும் பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் ஐந்து கையெழுத்துகளில் இருந்தன. செல்லடியிலும் கடலிலும் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்த மனுசி.

அடுத்த ஞாயிறே மேடையேற வேண்டும் என்று சபையில் ஏற்பாடாகியிருந்தது. ஞானம் தமிழில் சாட்சி சொல்வார், அண்ணை மொழிபெயர்ப்பார். முடிந்ததும் மூப்பரோடு படம். ‘உண்மையான அகதிகளை நாங்களே தெரிவுசெய்து அழைக்கிறோம்’ என்று புதிய பிரசுரம் வரப்போகிறது. ஞானம் அக்காவிடம் அண்ணை இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை. சனிக்கிழமை அண்ணை கடைக்குப் போன நேரம் பார்த்து நான் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். காலில் விழாத குறை.

ஞானம் அக்கா எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு கேட்டார்: “அவிக்கிற மோதகம் எப்பிடியடி கருகும்?”

சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

“நானோ? விளக்குமாத்தாலயோ? என்ர அண்ணாவையோ?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “நாளைக்கு நீயும் வா” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு சபை நிரம்பி வழிந்தது. ஞானம் அக்கா இரவல் சேலையில், பைபிளை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். பக்கத்தில் வேட்டியும் பெல்ற்றுமாக அண்ணை. கசெற் யந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“நான் பிறந்த நாளில இருந்து வேதக்காரி” என்றார் ஞானம் அக்கா.

அண்ணை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னார். மூப்பரின் மனைவி ‘ஆமென்’ என்றார்.

ஞானம் அக்கா பைபிளைத் திறந்து ஐந்து தலைமுறைப் பெயர்களையும் நாட்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். அண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த அமெரிக்கப் பெயர்களுக்கு அவருடைய ஆங்கிலம் நன்றாகப் பொருந்தியது.

“எங்கட வீட்டில ஒருநாளும் சாமியறை இருக்கேல்லை” என்றார் ஞானம் அக்கா.

அண்ணை நிறுத்திவிட்டார். முன்வரிசையில் அதே கழுத்துகள் நீண்டிருந்தன, அதே ஆசை. அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மேடையில் நின்றவர்களை விட்டால், தமிழ் தெரிந்தவர்கள் என்று அந்த மண்டபத்தில் நானும் ஞானம் அக்காவின் மகள்மாரும்தான். ‘சாமியறையை இடித்துவிட்டோம்’ என்று சொன்னாலே கைதட்டல் வந்திருக்கும். பிள்ளையாரே, இந்த ஒரு முறை இந்த மனுசனுக்குத் துணை நில் என்று நான் வேண்டிக்கொண்டேன். அங்கே வேறு யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

‘எங்கள் வீட்டில் சாமியறை இருந்ததில்லை’ என்றார் அண்ணை ஆங்கிலத்தில்.

“அண்ணாவை நான் அடிக்கேல்லை. அவர் வெளிநாடு வெளிக்கிட்ட அண்டைக்கு என்ர கலியாணக் காப்பைக் கழட்டிக் குடுத்தனான்.”

அதையும் சொன்னார். பிறகு, ஞானம் அக்கா பேசாமல் நிற்க, அவர் தானாக ஒரு வசனம் சேர்த்தார். ‘என் தங்கை என்னை அடிக்கவில்லை. நான் உங்களுக்குப் பொய் சொன்னேன்.’

இப்போது வெளியே போகச் சொல்வார்கள் என்று நினைத்து நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டேன்.

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். ஒலிவாங்கியைப் பிடித்தார். ‘பாருங்கள், சகோதரர்களே! தங்கையின் வெட்கத்தை மறைப்பதற்காக, குற்றம் முழுவதையும் தன்மேல் போட்டுக்கொள்கிறார். இதுவல்லவா அன்பு!’

சபை எழுந்து நின்று கைதட்டியது. அண்ணை மேடையில் நின்று இரண்டு கையையும் ஆட்டி, இல்லை, இல்லை என்றார். அவர் இல்லை என்று சொல்லி நான் கண்டது அன்றுதான் முதல் தடவை. ஆட்ட ஆட்ட அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

வாசலில் மூப்பர் படமெடுக்கிறவரோடு காத்திருந்தார். மேசையில் பழைய பிரசுரங்கள் அடுக்கியிருந்தன. ஞானம் அக்கா ஒன்றை எடுத்து, “இதில என்ன எழுதியிருக்கு அண்ணா?” என்று கேட்டார். அண்ணை சொன்னார். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

“அப்ப முகாமில என்னோட இருந்த மற்றச் சனம்?”

அண்ணை பிரசுரத்தை அவருடைய கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். மூப்பரிடம் போய், படம் வேண்டாம் என்றார். தன்னுடைய படத்தையும் இனிப் போட வேண்டாம் என்றார். மூப்பர் முதலில் சிரித்தார், கூச்சம் என்று நினைத்து. பிறகு சிரிப்பு மெல்லக் கழன்றது. ‘உன் தங்கையை இங்கே கொண்டுவந்தது நாங்கள்’ என்றார். ‘உன்னை எங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.’

பொய்யை மன்னித்தவர்கள் படத்தை மன்னிக்கவில்லை. அடுத்த ஞாயிறு வாசலில் கோட்டு வாங்க வேறொருவர் நின்றாராம், கானாவிலிருந்து புதிதாக வந்தவர்.

அன்று திரும்பி வரும்போது, கார் ஸ்காபரோ எல்லைக்குள் வந்ததும் அவர் கேட்டார்.

“தங்கச்சி, மோதகம் அவிக்கிறதோ?”

“ஓம் அண்ணை.”

“அப்ப ரெஜினாவுக்கும் தெரியுமோ?”

“ஓம் அண்ணை.”

“ஒருத்தரும் சொல்லேல்லையே!” என்றார். பின்சீற்றில் சின்னவள் சிரிக்கத் தொடங்க, ஞானம் அக்கா சிரிக்க, கடைசியில் அவரும் ஸ்ரியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். பச்சை விளக்கு விழுந்தும் கார் நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

பிறகு அவர் பிளாசா மேல்மாடித் தமிழ்ச் சபைக்குப் போனார். அங்கே அவருடைய அப்பாவையும் பாட்டனையும் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் சாட்சி கேட்கவில்லை. பின்வரிசையில் சும்மா இருந்துவிட்டு வருவார்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவர் போய்ச் சேர்ந்தார். இறுதிச் சடங்கில் ரெஜினா அக்கா செபமாலை உருட்டினார், நான் தேவாரம் முணுமுணுத்தேன், ஒருவரும் தடுக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தடியூன்றி நின்றார். விட்பியிலிருந்து தனியாக வந்திருந்தார். அந்தக் கசெற் இன்னும் தன் வீட்டில் இருக்கிறது, கவலையான நாட்களில் போட்டுக் கேட்பதாக என்னிடம் சொன்னார். குரலைக் கேட்டதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ‘ஐயோ, வேண்டாம்!’ என்ற அதே குரல்.

கிழவி மெல்ல நடந்து போய் ஞானம் அக்காவின் கையைப் பிடித்தார். கண்கள் நிறைந்திருந்தன.

‘அந்த விளக்குமாற்றை நினைத்து நீ இனிமேலும் வருந்தாதே. அவர் உன்னை முழு மனதோடு மன்னித்துவிட்டார். தெரியும்தானே?’

நான் அருகே போனேன். இந்த முறையாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஞானம் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெட்டியில் கிடந்த அண்ணனைப் பார்த்தார். ஆசையோடு காத்திருந்த அந்தக் கிழட்டு முகத்தைப் பார்த்தார்.

தலையாட்டினார்.